கணினி முன்னால் இரண்டு நாற்காலி

திரையில் ஆறு ஆப்பிள்கள் சிதறிக் கிடந்தன. என் மகளுக்கு அப்போது நான்கு வயது முடிந்து இரண்டு மாதம். மவுஸ் வலது கையில். இடது கையின் ஆள்காட்டி விரல் திரையைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தது. “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு.” ஏழாவது என்று அவள் தொட்டது முதலில் தொட்ட அதே ஆப்பிள். 7 என்ற விசையைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். தவறு என்று ஒரு படம் வந்து போனது.

என் கை தானாக மவுஸை நோக்கிப் போயிற்று. “இங்க பாரு, இதை ரெண்டு தடவை எண்ணிட்ட” என்ற சொல் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தேன். அவள் மறுபடி எண்ணினாள். இந்த முறை ஓர் ஆப்பிள் விட்டுப்போய் ஐந்து வந்தது. அதுவும் தவறு. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓர் ஆப்பிளை மவுஸால் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள். அதன் பக்கத்தில் இன்னொன்று. பாதி வழியில் ஒன்று நழுவி நின்றுவிட்டது. திரும்பப் போய்ப் பிடித்து வந்தாள். கோணல்மாணலாக ஒரு வரிசை அமைந்தது. ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்து எண்ணிவிட்டு, “ஆறுப்பா!” என்று என் பக்கம் திரும்பினாள். விசையை இன்னும் அழுத்தவில்லை. கணினி சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் அந்தச் சின்னத் தலைக்குள் நடந்து முடிந்தது சாதாரண வேலை இல்லை.

எண்ணுவது நமக்கு மூச்சு விடுவதுபோல் பழகிவிட்டதால், அதற்குள் எத்தனை வேலைகள் அடங்கியிருக்கின்றன என்று நாம் யோசிப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் ரோஷெல் கெல்மனும் சார்லஸ் காலிஸ்டலும் 1978-இல் வெளிவந்த தங்கள் நூலில் அதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரே ஒரு எண்ணுப்பெயர்தான் சேர வேண்டும். அந்தப் பெயர்களின் வரிசை மாறக் கூடாது. கடைசியாகச் சொன்ன பெயரே மொத்தத்தின் அளவு. எதை வேண்டுமானாலும் எண்ணலாம். எந்தப் பக்கமிருந்து தொடங்கினாலும் விடை மாறாது. என் மகளுக்கு வரிசை நன்றாகத் தெரியும்; இருபது வரை பாட்டாகவே சொல்வாள். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. சிதறிக் கிடப்பவற்றில் எதைத் தொட்டாயிற்று, எது பாக்கி என்பதை மனத்திலேயே வைத்திருக்க வேண்டும். நான்கு வயதில் அந்த நினைவுப் பாரம் கனமானது. அவள் ஆப்பிள்களை வரிசையில் வைத்ததன் மூலம் அந்தப் பாரத்தை மனத்திலிருந்து இறக்கித் திரையில் வைத்துவிட்டாள். வரிசையில் விரலுக்கு இடப்பக்கம் இருப்பது எண்ணியாயிற்று, வலப்பக்கம் இருப்பது பாக்கி. கடைக்காரர் சில்லறையை மேசைமேல் அடுக்கி எண்ணுகிறாரே, அதே உத்தி.

‘கடைசிச் சொல்லே மொத்தம்’ என்பது இதைவிட ஆழமானது. கேரன் வின் என்ற ஆய்வாளர் 1990 வாக்கில் செய்த சோதனைகள் புகழ்பெற்றவை. பத்து வரை தடங்கலின்றி ஒப்பிக்கும் குழந்தையிடம் “மூணு பொம்மை எடுத்துக் கொடு” என்று கேட்டால், பல குழந்தைகள் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்துவிடுகின்றன. முதலில் ‘ஒன்று’ என்பதன் பொருள் மட்டும் விளங்குகிறது. சில மாதம் கழித்து ‘இரண்டு’. இன்னும் சில மாதம் கழித்து ‘மூன்று’. அதற்கப்புறம், மூன்றரை வயதை ஒட்டி, எண்ணுவது எதற்கு என்பதே பிடிபட்டு, ஐந்து, ஆறு, ஏழு எல்லாம் மளமளவென்று விளங்கிவிடுகின்றன. மூன்று வயதில் என் மகளிடம் புளியங்கொட்டைகளை வைத்து இதைச் செய்து பார்த்தேன். ஒன்று கேட்டால் ஒன்று வந்தது. இரண்டு கேட்டால் இரண்டு வந்தது. நான்கு கேட்டேன், உள்ளங்கை நிறைய வந்தது. அதுவரை ‘பாப்பாவுக்கு இருபது வரைக்கும் எண்ணத் தெரியும்’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

அவள் விளையாடிய ஆப்பிள் விளையாட்டு ‘ஜிகாம்ப்ரி’ என்ற தொகுப்பைச் சேர்ந்தது. பிரான்சைச் சேர்ந்த புரூனோ குதுவான் 2000-இல் தொடங்கியது. பிரெஞ்சில் ‘எனக்குப் புரிந்துவிட்டது’ என்று சொல்லும்போது எழும் ஒலியே அதன் பெயர். இரண்டு முதல் பத்து வயதுக் குழந்தைகளுக்காக நூற்றுக்கு மேற்பட்ட சின்னச் சின்ன விளையாட்டுகள் அதில் உண்டு. இது கட்டற்ற மென்பொருள். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. பழைய மடிக்கணினியிலும் ஓடும். பளபளப்பு குறைவு என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. குழந்தை ஒன்றும் செய்யாமல் இருந்தால் அதுவும் ஒன்றும் செய்யாமல் இருக்கிறது. ஆப்பிள்கள் அப்படியே கிடக்கின்றன. கடிகாரம் ஓடுவதில்லை, “சீக்கிரம், சீக்கிரம்” என்று எந்தக் குரலும் விரட்டுவதில்லை. அந்த இடைவெளியில்தான் குழந்தை யோசிக்கிறது. பக்கத்தில் இருப்பவரோடு பேசுகிறது.

மவுஸ் பிடிப்பதே ஒரு பாடம் என்பதையும் சொல்ல வேண்டும். கை மேசைமேல் கிடைமட்டமாக நகர்கிறது. அம்புக்குறி திரையில் மேலும் கீழும் போகிறது. கையை முன்னால் தள்ளினால் அம்பு மேலே ஏறும் என்ற கணக்கை மூளை புதிதாகப் போட வேண்டும். இந்தத் தொகுப்பின் ஆரம்ப விளையாட்டு ஒன்றில் சரி, தவறு எதுவும் இல்லை. அம்பைக் கட்டங்கள்மீது ஓட்டினாலே அவை மறைந்து, கீழே ஒரு விலங்கின் படம் தெரியும். அது கைவந்த பிறகு ஒரு தடவை அழுத்த வேண்டும். அப்புறம் இரண்டு தடவை. இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு சிறியது என்பதைப் பொறுத்துக் கைக்கு ஆகும் நேரம் கூடும் என்று 1954-இல் பால் ஃபிட்ஸ் ஒரு விதியைக் கண்டார். மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2004-இல் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளைப் பெரியவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, குழந்தைகளின் அம்பு இலக்கை எட்டியபின் அதில் நிற்காமல் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டிப் போவது தெளிவாகத் தெரிந்தது. ஆகவே சின்னப் பொத்தான்கள் உள்ள விளையாட்டில் குழந்தை தடுமாறினால் அதற்குக் கணக்கு வரவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கை வரவில்லை, அவ்வளவுதான்.

இனி இரண்டாவது நாற்காலிக்கு வருகிறேன்.

“ஃபோனைக் கையில கொடுத்தா தானா கத்துக்கிடுது” என்ற பேச்சைக் கேட்காத நாள் இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரீஷியா குல் தலைமையில் நடந்து, 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றைப் படித்த பிறகு அந்தப் பேச்சை என்னால் எளிதில் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகள். ஒரு குழுவினருக்குச் சீனத்தின் மாண்டரின் மொழி பேசுபவர்கள் 12 முறை நேரில் வந்து புத்தகம் படித்தார்கள், பொம்மை காட்டி விளையாடினார்கள். இன்னொரு குழு அதே ஆட்களை, அதே புத்தகங்களோடு, அதே அளவு நேரம் திரைப்பதிவில் பார்த்தது. நேரில் பழகிய குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள், தைவானில் பிறந்து வளர்ந்த குழந்தைகளுக்கு நிகராக. திரையில் பார்த்தவர்களோ, அந்த மொழியைக் கேட்டே இராத குழந்தைகளின் நிலையிலேயே இருந்தார்கள்.

அப்படியானால் திரைதான் குற்றவாளியா? 2014-இல் வந்த இன்னோர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. இரண்டு முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களைக் கற்பித்தார்கள். நேரில் கற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். பதிவு செய்த காட்சியைப் பார்த்தவர்களுக்கு வரவில்லை. ஆனால் நேரடி வீடியோ அழைப்பில் பேசியவர்கள், நேரில் கற்றவர்களைப் போலவே கற்றுக்கொண்டார்கள். மூன்றாவது குழுவுக்கும் திரைதான். வேறுபாடு என்னவென்றால், எதிரே இருந்தவர் குழந்தை சிரித்தபோது சிரித்தார், கேட்டபோது பதில் சொன்னார். குழந்தை செய்வதற்கு ஏற்ப, செய்த அந்தக் கணத்திலேயே, பதில் திரும்பி வந்தது.

கணினி விளையாட்டு பதிவு செய்த காட்சிக்கும் நேரடிப் பேச்சுக்கும் நடுவே நிற்கிறது. அழுத்தினால் பதில் சொல்கிறது. அந்த அளவில் அது வெறும் காட்சிப்பதிவைவிட மேலானது. ஆனால் அந்தப் பதிலின் எல்லையைப் பாருங்கள். என் மகள் 7 என்று அழுத்தியபோதும் தவறு என்றது; 5 என்று அழுத்தியபோதும் அதே படம்தான். இரண்டும் வேறு வேறு பிழைகள். முதல் தடவை ஒன்றை இரண்டு முறை எண்ணினாள். அடுத்த தடவை ஒன்றை விட்டுவிட்டாள். கணினி அறிந்தது அழுத்திய விசையை மட்டும். விரல் போன வழியை நான் பார்த்தேன். அம்பு எங்கே தயங்கியது, கண் எங்கே திரும்பிப் பார்த்தது, உதடு எந்த எண்ணில் தடுமாறியது, இவை எதுவும் அந்தப் பெட்டிக்குத் தெரியாது. பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு எல்லாம் தெரியும். அந்த நாற்காலி காலியாக இருந்தால், பிழையில் அடங்கிய அத்தனை சேதியும் யார் காதிலும் விழாமலே போய்விடும்.

பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் போதுமா? அங்கேதான் நம்மில் பலர் சறுக்குகிறோம், நானும்தான். மின்னணுக் கதைப்பெட்டிகளைக் குழந்தையோடு சேர்ந்து பார்க்கும் பெற்றோரின் பேச்சை 2013-இல் ஓர் ஆய்வு அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டது. புத்தகம் என்றால் கதையைப் பற்றிப் பேசிய பெற்றோர், மின்னணுப் பெட்டி என்றதும் “அதை அழுத்தாதே, இதை அழுத்து, கையை எடு” என்று குழந்தையின் நடத்தையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். கதை கரைந்துபோயிற்று. ஒரு மாலை நானே என் பேச்சை ஃபோனில் பதிவு செய்து கேட்டேன். “மெதுவா… அங்க இல்ல, மேல… மேலம்மா… விடு, நான் பண்றேன்.” பத்து நிமிடத்தில் நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. அதற்கும் நானே விடை சொல்லியிருந்தேன்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளை ஆண்டுக்கணக்கில் கேட்டு, 1970-களில் வெளியிட்ட முடிவு எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் வேறு பிள்ளையைக் கேட்கிறார்கள், அல்லது தாமே சொல்லிவிடுகிறார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டச் சொல்லிப் பார்த்தார். பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. “தெரியாது” குறைந்தது. கேட்காமலே பேசும் பிள்ளைகள் கூடினார்கள். பிள்ளைகளே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். மூன்று விநாடி என்பது சொல்லக் குறைவு. பக்கத்தில் மவுஸ் இருக்க, குழந்தை தவறான இடத்தில் அம்பை வைத்துக்கொண்டு நிற்க, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது பெரிய தவம். கைகளைத் தொடைக்கு அடியில் செருகும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

காத்திருந்த பின் என்ன செய்வது என்பதற்கும் வழி உண்டு. டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் 1976-இல் மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் 30 பேரிடம் 21 மரக்கட்டைகளைக் கொடுத்துப் பிரமிடு கட்டச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவர் எந்த அளவுக்கு, எப்போது உதவினார் என்பதைக் கவனித்து எழுதினார்கள். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதைப் போன்றது அந்த உதவி என்ற உவமை கல்வியுலகில் வேரூன்றியது அந்தக் கட்டுரையிலிருந்துதான். கொத்தனார் கைக்கு எட்டாத உயரத்துக்கு மட்டும் சாரம் வேண்டும். சுவர் எழும்பியதும் அவிழ்த்துவிட வேண்டும். ஆப்பிள் விளையாட்டில் அவள் மூன்றாம் தடவையும் தடுமாறியிருந்தால், “எதை எண்ணியாச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கலாம்?” என்று கேட்டிருப்பேன். அதற்கும் வழி தெரியாமல் விழித்தால், “ஆப்பிள் நகருமோ?” என்று கேட்டிருப்பேன். அதற்கப்புறமும் முடியாவிட்டால் ஒரே ஓர் ஆப்பிளை நகர்த்திக் காட்டியிருப்பேன். இரண்டாவதை அவள்தான் நகர்த்த வேண்டும்.

விடை சரியாக வந்த பிறகு கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. பெரும்பாலும் நாம் அதை மறந்துவிடுகிறோம். “எப்படித் தெரிஞ்சுது?” 2008-இல் பெத்தனி ரிட்டில்-ஜான்சன் குழுவினர் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்து ஓர் அழகான சோதனை செய்தார்கள். ஒரு வரிசையில் அடுத்து எது வரும் என்று கண்டுபிடிக்கும் புதிர். சிலர் விடையைத் திரும்பச் சொன்னார்கள். சிலர் ஏன் அந்த விடை என்று தமக்குத்தாமே விளக்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் தம் அம்மாவிடம் விளக்கினார்கள். அம்மா திருத்தவில்லை, உதவவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். பின்னால் புதிய, கடினமான புதிர்களைக் கொடுத்தபோது அம்மாவிடம் விளக்கிய குழந்தைகளே முன்னால் நின்றார்கள். ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேட்கும் காது இருந்தால் போதும். இதைப் படித்தபோது, எனக்குக் கணினி தெரியாதே, ஆங்கிலம் வராதே என்று ஒதுங்கி நிற்கும் அம்மாக்களையும் பாட்டிகளையும்தான் நினைத்துக்கொண்டேன். அந்த நாற்காலிக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

எந்த விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்களுக்கு எண்களைப் பொறுத்தவரை நான் சொல்வது, ஒரு நேர்க்கோட்டைத் தேடுங்கள். பிட்ஸ்பர்க் நகரில் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் நான் மிகவும் மதிப்பது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, பள்ளிக்குப் போகும் வயதை எட்டாத குழந்தைகள். ஓர் அட்டையில் 1 முதல் 10 வரை பத்துக் கட்டங்கள், ஒரே வரிசையில். 1, 2 என்று மட்டும் விழும் ஒரு சுழல்வட்டு. ஒரு பெரியவர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு குழந்தையோடும் விளையாடினார். இரண்டு வாரத்தில் நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிடம். மொத்தமே சுமார் ஒரு மணி நேரம். எண்ணுவதில், எண்ணுருவை அடையாளம் காண்பதில், எது பெரிது என்று சொல்வதில், ஓர் எண் கோட்டில் எங்கே நிற்கும் என்று மதிப்பிடுவதில், நான்கிலும் குழந்தைகள் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அது கலையவில்லை. அதே அட்டையில் எண்ணுக்குப் பதில் வண்ணங்களை வைத்து விளையாடிய குழந்தைகளுக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை. பின்னர் கட்டங்களை வட்டமாக அடுக்கிப் பார்த்தபோதும் பயன் குறைந்தது. நேர்க்கோட்டில் பெரிய எண் என்றால் அதிகத் தூரம், அதிக நகர்வு, அதிகச் சொற்கள், அதிக நேரம். கண்ணும் கையும் வாயும் ஒரே சேதியைச் சொல்கின்றன.

நம் பரமபதம் நினைவுக்கு வராமல் இருக்குமா? உலகம் முழுக்கப் பாம்பும் ஏணியுமாகப் போன விளையாட்டு நம் மண்ணில் பிறந்ததுதான். ஆனால் அதில் எண்கள் ஒரு வரிசையில் இடமிருந்து வலமாகப் போய், அடுத்த வரிசையில் வலமிருந்து இடமாகத் திரும்பும். நான்கு வயதுக்கு அது குழப்பம். முதலில் பத்துக் கட்டம், ஒரே கோடு. அப்புறம் பரமபதத்தை எடுக்கலாம். எடுக்கும்போது ஒரு சின்ன மாற்றம் செய்யுங்கள். 13-இல் நிற்கும்போது மூன்று விழுந்தால் நாம் “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று காயை நகர்த்துவோம். அதற்குப் பதிலாகக் கட்டத்தில் உள்ள எண்ணையே சொல்லச் சொல்லுங்கள்: “பதினாலு, பதினஞ்சு, பதினாறு.” எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014-இல் நூறு கட்ட விளையாட்டில் சோதித்துக் கண்டது இது. ஒன்று, இரண்டு என்று எண்ணி நகர்ந்த பிள்ளைகளைவிட, கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்ந்த பிள்ளைகள்தான் எண்களின் அளவை உள்வாங்கினார்கள். அட்டை ஒன்று, காய் ஒன்று, பகடை ஒன்று. வாயில் வரும் சொல் மட்டும் வேறு.

கணினி விளையாட்டுகளில் பெரும்பாலும் ஆங்கிலக் குரல்தான் எண்களைச் சொல்கிறது. தர்ட்டீன், தர்ட்டி இரண்டும் சின்னக் காதுக்கு ஒன்றுபோலவே விழும்; லெவன், ட்வெல்வ் என்ற பெயர்களில் பத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று குழந்தைக்குத் தெரியாது. சீன மொழியில் பதினொன்றுக்குப் பெயரே ‘பத்து ஒன்று’. பத்து வரை அமெரிக்கக் குழந்தைகளும் சீனக் குழந்தைகளும் ஒன்றுபோல எண்ணுகிறார்கள், பத்தைத் தாண்டியதும் சீனக் குழந்தைகள் முந்துகிறார்கள் என்று 1995-இல் கண்டறிந்தார்கள். தமிழும் இந்த வகையில் கொடுத்துவைத்த மொழி. பதினொன்று, பதிமூன்று, பதினான்கு என்று ஒவ்வொன்றிலும் பத்தும் மிச்சமும் காதில் விழுகின்றன. ஆகவே திரை ஆங்கிலத்தில் சொன்னாலும் பக்கத்தில் இருப்பவர் தமிழில் ஒரு முறை சொல்லிவிட வேண்டும் என்று கருதுகிறேன்.

ஒருநாள் குளிக்கும்போது மகள் தலையில் விழும் செம்புத் தண்ணீரை எண்ணிக்கொண்டிருந்தாள். “இருபத்தெட்டு, இருபத்தொம்பது, இருபத்திப் பத்து!” நான் செம்பைக் கீழே வைத்துவிட்டேன். அந்தச் சொல்லை அவள் யாரிடமும் கேட்டிருக்க முடியாது. கேட்டதைத் திருப்பிச் சொல்லும் குழந்தையின் வாயில் வராத சொல் அது. இருபதோடு ஒவ்வொன்றாகக் கூட்டுகிறோம் என்ற விதியைத் தானே கண்டுபிடித்த குழந்தைதான் அதைச் சொல்ல முடியும். விடைப் பெட்டியில் இதற்கும் தவறு என்ற அதே படம்தான் வந்திருக்கும். “ஆமா, இருபதும் பத்தும். அதுக்கு இன்னொரு பேரு இருக்கு தெரியுமா?” என்றேன்.

பரிசுகளைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. உறவினர் ஒருவர் பரிந்துரைத்தார் என்று ஃபோனில் ஒரு கல்விச் செயலியைப் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு சரியான விடைக்கும் தங்கக் காசுகள் கலகலவென்று கொட்டின. காசு சேர்ந்தால் பூனைக்குத் தொப்பி வாங்கலாம். நான்கே நாளில் மகள் கேள்வியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். மூன்று விடைகளில் ஏதாவது ஒன்று சரியாக இருக்கும் என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே போனாள். “இது எத்தனை?” என்று கேட்டால், “காசு வரட்டும்ப்பா” என்றாள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர் குழுவினர் செய்து 1973-இல் வெளியிட்ட சோதனை இதை அப்படியே சொல்கிறது. வண்ணப் பேனாவால் வரைவதில் ஆசை உள்ள பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் நாடாவும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்தபோது, அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவில்லை. ‘வரைந்தால் பரிசு’ என்ற பேரம் நுழைந்த இடத்தில்தான் வரைவது ஒரு வேலையாகிப்போனது. அந்தச் செயலியை அன்றே நீக்கினேன். பூனையின் தொப்பிக்காக இரண்டு நாள் அழுதாள். அந்த அழுகைக்குக் காரணம் நான்தான் என்பதால் திட்டவும் மனம் வரவில்லை.

நேரக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த வழிகாட்டுதல்படி இரண்டு முதல் நான்கு வயது வரை திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. இரண்டு வயதுக்குள் வேண்டவே வேண்டாம். இந்தியக் குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பும் இரண்டு முதல் ஐந்து வயதுக்கு ஒரு மணி நேரமே உச்சம் என்கிறது, அதுவும் பெரியவர் மேற்பார்வையில். எங்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள், இருபது நிமிடம். அதற்கு மேல் போனால் எனக்கே பொறுமை தீர்ந்து, கை மவுஸுக்குப் போய்விடுகிறது.

திரையில் கற்றது திரையோடு நின்றுவிடக் கூடாது என்பதற்காக முற்றத்துத் தரையில் சாக்பீஸால் பத்துக் கட்டம் போட்டோம். அவளே காய், பகடை சொல்லும் அளவுக்குக் குதிப்பாள். 1967-இல் லோகோ என்ற குழந்தைகளுக்கான கணினிமொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமூர் பேப்பர்ட், திரையில் ஊரும் ஆமைக்கு வழி தெரியாமல் தவித்த பிள்ளைகளிடம், ஆமையாக நீயே நடந்து பார் என்று சொல்வார். குதிக்கும்போது ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் காலுக்கே தெரிந்துவிடுகிறது.

போன மாதம் ஆச்சி ஊரிலிருந்து வந்திருந்தாள். பேத்தி கையைப் பிடித்து இழுத்துப் போய் முதல் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, இரண்டாவது நாற்காலியில் தான் ஏறிக்கொண்டாள். கைகள் இரண்டும் தொடைக்கு அடியில். நான் கதவோரம் நின்றேன். திரையில் எட்டு ஆப்பிள்கள். ஆச்சி கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அகட்டி, பல்லாங்குழியில் சோழி எடுக்கிற வேகத்தில் திரையைத் தொட்டுக்கொண்டே போனாள். “ரெண்டு, நாலு, ஆறு, எட்டு.”

“ஆச்சி, தப்பு! நீ பாதியை எண்ணவே இல்ல.”

“எட்டுதான் தாயி. போட்டுப் பாரு.”

மகள் 8 என்ற விசையை அழுத்தினாள். சரி என்று திரையில் படம் வந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. ஆச்சியின் இரண்டு விரல்களைப் பிடித்து, மூடி, திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படி ஆச்சி?”